இடது கால் பெருவிரலுக்கு ஆட்சேபனை இல்லை

செல்வாம்பாளின் இடது கால் பெருவிரல் அவளுடையது அல்ல. இந்த விவரம் அவள் கணவன் கன்னியப்பனுக்கு ஒரு திங்கட்கிழமை காலை, பெரிய ஆஸ்பத்திரியில் சர்க்கரைப் புண் பார்க்கும் அறையில் வைத்துத்தான் தெரியவந்தது.

விரல் கருத்துவிட்டது. டாக்டரம்மா அதைக் குனிந்து பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை காலை எடுத்துவிடலாம் என்றார். தள்ளிப்போட்டால் புண் மேலே ஏறும், பாதம் போகும், பாதத்தோடு நிற்கும் என்றும் சொல்வதற்கில்லை என்றார். பிறகு ஒப்புதல் தாளையும் பேனாவையும் நீட்டினார். செல்வாம்பாள் வாங்கவில்லை.

"நான் கையெழுத்துப் போட முடியாதும்மா. அது பீடத்துது."

டாக்டரம்மா பேனாவைத் திருப்பிப் பார்த்தார். அது அவருடைய பேனாதான்.

மூலக்குளத்தில் இருக்கும் அகண்ட சரணாகதி பீடத்தில் செல்வாம்பாள் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு உடல், பொருள், ஆவி மூன்றையும் ஒப்படைத்திருந்தாள். மற்ற இடங்களில் இதை வாயால் சொன்னால் போதும். இந்தப் பீடத்தில் மூன்றுக்கும் தனித்தனிப் படிவம் உண்டு. உடலுக்கு இளம்பச்சை. அதில் தலை ஒன்று, கைகள் இரண்டு, கால்கள் இரண்டு, விரல்கள் இருபது என்று வரிசையாக எழுதி, ஒப்படைக்கப்பட்ட உறுப்புகளைப் பீடத்தின் முன் அனுமதியின்றி மாற்றவோ அகற்றவோ கூடாது என்று கீழே அச்சடித்திருந்தார்கள். சாட்சிக் கையெழுத்து கன்னியப்பனுடையது. ஆதார் திருத்தம் என்று நினைத்துப் போட்டிருந்தான்.

பெரிய மார்க்கெட்டில் முப்பது வருடமாகக் கிழங்குக் கடை வைத்திருப்பவன் அவன். சேனையில் ஒரு மூலை அழுகினால் அன்றைக்கே செதுக்கி எறிந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மறுநாள் மொத்தக் கிழங்கும் போய்விடும் என்பது அவனுக்குத் தெரியும். திரும்பி வரும் பஸ்ஸில் இதை அவளிடம் எடுத்துச் சொன்னான்.

"நான் கெழங்கா?" என்று கேட்டாள்.

முப்பது வருடத்தில் எந்தக் கிழங்கும் அவனிடம் திருப்பிக் கேட்டதில்லை. சாமி உத்தரவு கொடுத்தால் விரலை அல்ல, கழுத்தைக்கூட நீட்டுவேன், உத்தரவு இல்லாமல் நகம்கூட வெட்ட மாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள். ஆகவே அன்று மதியமே கடையைப் பூட்டிவிட்டு அவன் பீடத்துக்குப் போனான்.

பீடம் முன்பு கல்யாண மண்டபமாக இருந்தது. மணமகன் அறை இப்போது விவேகப் பிரிவு. மணமகள் அறை சரணாகதிப் பிரிவு. 'கை கழுவும் இடம்' என்ற பலகையை மட்டும் கழற்ற மறந்துவிட்டார்கள். அதன் கீழேதான் செயலர் மதிவாணன் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். ஏதோ ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது சம்பளத்திலிருந்து மட்டும்தான்.

"நீங்க சீடரா?"

"இல்ல சார். புருஷன்."

"புருஷனுக்கு இங்க ஏற்பாடு எதுவும் இல்லியே," என்றார் மதிவாணன், உண்மையான வருத்தத்தோடு.

அவர் பொறுமையாக விளக்கினார். உடலை ஒப்படைத்தவர் அந்த உடலைப் பற்றித் தானே விண்ணப்பிக்க முடியாது. விண்ணப்பித்தால் 'நான்' என்ற எண்ணம் இன்னும் இருக்கிறது என்றாகும், சரணாகதி காலாவதியாகிவிடும். அவருக்காக வேறொரு சீடர் விண்ணப்பிக்கலாம். கன்னியப்பன் சீடராக வேண்டுமென்றால் சரணடைய வேண்டும். ஆனால் உடனே சரணடைந்துவிட முடியாது.

"கண்ண மூடிக்கினு யாரையும் சேத்துக்கற எடம் இல்ல இது. சாஸ்திரம் என்ன சொல்லுது? குருவச் சோதிச்சுப் பாத்துட்டுத்தான் ஏத்துக்கணும்னு சொல்லுது. இந்தியாவுல எந்த மடத்துலயாவது குருவச் சோதிக்கறதுக்குன்னு தனிப் பிரிவு இருக்கா? இங்க இருக்கு. இதுவரைக்கும் நாலாயிரம் பேரு சோதிச்சிருக்காங்க. நாலாயிரம் பேரும் பாஸ்."

"சாமியா சார்?"

"சாமிக்கு எதுக்கு பாஸ் ஃபெயிலு? சோதிச்சவங்க."

செவ்வாய்க்கிழமை கன்னியப்பன் குருவைச் சோதிக்கப் போனான். விவேகப் பிரிவுக்குப் பொறுப்பாளர் கலைவாணி என்ற பெண். சென்னையில் ஒரு கம்பெனியில் ஆட்களை வேலைக்கு எடுக்கும் பிரிவில் இருந்தவள். கழுத்தில் அடையாள அட்டையும் ருத்திராட்சமும் ஒரே கயிற்றில் தொங்கின. இருபது பேருக்கு நாற்காலி, ஆளுக்கொரு கேள்வித்தாள். பன்னிரண்டு கேள்விகள், எல்லாம் சாமியைப் பற்றி. அவரை நேரில் கவனித்து விடை எழுத வேண்டும்.

மேடையில் சுவாமிகள் வந்து உட்கார்ந்தார். அறுபது வயதிருக்கும், கனத்த உடம்பு. இடது பாதத்துக்குக் கணுக்கால் வரை வெள்ளிக் கவசம் போட்டிருந்தது. பக்தர்களின் கண் படாமல் இருக்க என்று பக்கத்து நாற்காலிக்காரர் சொன்னார். சாமி இருபது பேரையும் ஒருமுறை பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டார். நாலாயிரம் முறை சோதிக்கப்பட்ட மனிதர்.

ஏழாவது கேள்வி: குருவுக்குக் கோபம் வருமா? கன்னியப்பன் அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே மைக் கீச்சென்று கத்தியது. சாமி தோள் துண்டை உருவி மைக்காரன் மேல் வீசி, அந்தக் கருமத்தை நிறுத்தச் சொன்னார். கன்னியப்பன் 'வரும், இப்பத்தான் வந்தது' என்று எழுதினான்.

பன்னிரண்டுக்குப் பதினொன்று. தோல்வி. பாஸாக எல்லாமே சரியாக இருக்க வேண்டும்.

கலைவாணி அவனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினாள். குரலில் கனிவு இருந்தது. வேலை இல்லை என்று சொல்லிப் பழகிய கனிவு.

"கோபம் வந்துச்சுன்னு உங்களுக்குத் தோணிச்சு, இல்லண்ணா?"

"வந்திச்சு மேடம். துண்ட வீசினாரே."

"வீசினது துண்டு. அத கோபம்னு முடிவு பண்ணது யாரு?"

"நான்தான்."

"அந்த 'நான்'தாண்ணா பிரச்சன." அவள் கேள்வித்தாளைத் திருப்பிக் காட்டினாள். பின்பக்கத்தில் பன்னிரண்டு விடைகளும் அச்சாகியிருந்தன. "விவேகம்னா சரியானதத் தேர்ந்தெடுக்கறது. எது சரின்னு நாங்களே பின்னாடி குடுத்திருக்கோம். இதுக்கு மேல ஒரு மனுஷனுக்கு என்ன சுதந்திரம் குடுக்க முடியும், நீங்களே சொல்லுங்க."

கன்னியப்பன் வெள்ளிக்கிழமையை நினைத்துக்கொண்டான். அன்று மாலை துணைத் தேர்வில் 'வராது' என்று எழுதினான். கையில் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். இதனால் கன்னியப்பன் விவேகம் உடையவர் என்று சான்றளிக்கப்படுகிறது. செல்லுபடியாகும் காலம், சரணாகதி அடையும் வரை.

வீட்டுக்குப் போனதும் செல்வாம்பாள் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். விரலில் நாற்றம் தொடங்கியிருந்தது. அவன் கட்டு மாற்றும்போது அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை சரணாகதிப் பிரிவு. அங்கே பெர்னார் இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினைந்து வருடம் இருந்து அஜுதான் என்ற பதவியில் ஓய்வு பெற்றவர். பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர் எல்லோரையும் போல ஊரில் அவரையும் சொல்தா என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை மாதா கோயிலுக்கும் மாலை பீடத்துக்கும் வருவார். இரண்டு இடத்திலும் நேரம் தவறியதில்லை. அவர் முதல் வேலையாக விவேகச் சான்றிதழை வாங்கி, ஓட்டை போட்டு, 'ரத்து' என்று முத்திரை குத்திக் கோப்பில் சேர்த்தார். இரண்டையும் ஒரே சமயத்தில் வைத்துக்கொள்ள விதியில் இடமில்லை.

பிறகு தரையில் சுண்ணாம்புப் பொடி தூவினார். அன், தெ, துருவா என்று அவர் பிரெஞ்சில் எண்ண எண்ண, பத்துப் பேர் வரிசையாகக் கீழே விழுந்தார்கள். எழுந்ததும் ஒவ்வொருவர் உடம்பிலும் எட்டு இடத்தில் வெள்ளை ஒட்டியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். கன்னியப்பனுக்கு ஒன்பது இடத்தில் ஒட்டியிருந்தது.

"முசே, தொப்ப அஷ்டாங்கத்துல வராது. உள்ள இழு."

பதினோராவது முறை விழுந்தபோது தேறினான். பெர்னார் "ரெப்போ" என்று எல்லோரையும் உட்காரச் சொல்லிவிட்டுச் சரணாகதியின் தத்துவத்தை விளக்கினார்.

"பதினஞ்சு வருஷம் பட்டாளத்துல ஒரு நாளும் நான் ஏன்னு கேட்டதில்ல. கேட்டவன்லாம் பாதியில வூட்டுக்குப் போயிட்டான். கேக்காத எனக்கு மாசாமாசம் பென்சியோன் வருது. வருஷத்துக்கு ஒரு வாட்டி, உயிரோடதான் கீறேன்னு பேப்பர் குடுத்தா போதும். இதுவும் அதேதான். நவம்பர் மாசம் வந்து, சரணாகதி உயிரோட கீதுன்னு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க. வராதவனுக்கு மோட்சம் நிறுத்தி வைக்கப்படும்."

கன்னியப்பன் கை தூக்கினான். தன் மனைவிக்கு வந்தது போல முசே பெர்னாருக்கு ஒரு புண் வந்தால் அவரும் சாமியிடம் உத்தரவு கேட்பாரா என்று அறிய விரும்பினான்.

"எனக்கு பிரான்சுக்காரன் இன்சூரன்ஸ் கீது," என்றார் பெர்னார். "சாமிய எதுக்குத் தொந்தரவு பண்ணணும்?"

அன்று சாயங்காலம் கன்னியப்பன் சீடனானான். உடல், பொருள், ஆவி மூன்று படிவத்திலும் கையெழுத்துப் போட்டான். இந்த முறை படித்துவிட்டுத்தான் போட்டான். அதனால் ஒரு பயனும் இல்லை.

வியாழக்கிழமை பாதபூசை. சீடர்கள் தங்கள் விண்ணப்பத்தை அப்போதுதான் சாமியின் பாதத்தருகே வைக்கலாம். புதுச் சீடன் என்பதால் கவசத்துக்குப் பால் ஊற்றும் பேறு கன்னியப்பனுக்குக் கிடைத்தது. கூடம் நிறைய ஆட்கள். ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் காதைப் பிளந்தது. அவன் விண்ணப்பத்தைத் தட்டில் வைத்துவிட்டுக் குனிந்து பால் ஊற்றினான். கவசத்தின் மேல்விளிம்பில் இறங்கிய பால் கீழே பழுப்பாக வந்தது.

அந்த வாசனை அவனுக்குத் தெரியும். மூன்று வாரமாக அந்தப் பழுப்பு மருந்தைத்தான் பஞ்சில் தொட்டு செல்வாம்பாள் காலில் வைத்துக்கொண்டிருந்தான். மார்க்கெட்டில் எந்தச் சரக்கையும் அடிப்பக்கம் திருப்பிப் பார்க்காமல் வாங்கியதில்லை. கை தானாகவே கவசத்தைத் தூக்கிவிட்டது. உள்ளே ஆஸ்பத்திரிக் கட்டு. கட்டுக்கு வெளியே மூன்று விரல்கள். பெருவிரலும் அதற்கு அடுத்ததும் இல்லை.

"மூடு," என்றார் சாமி, உதடு அசையாமல்.

மூடினான். சாமி தட்டிலிருந்த விண்ணப்பத்தைப் பார்த்தார். பொண்டாட்டிக்கா என்று கேட்டார். சர்க்கரை எவ்வளவு என்று கேட்டார். முந்நூற்று எண்பது என்றதும் அவர் முகத்தில் ஒரு நோயாளி இன்னொரு நோயாளிக்குக் காட்டும் மரியாதை தெரிந்தது.

"நாளைக்கே வெட்டிக்கச் சொல்லு. எனக்கே ஒண்ணோட போயிருக்கும். என் ஒடம்பு டிரஸ்ட்டு சொத்து. வெட்டலாமா வேணாமான்னு மூணு கூட்டம் போட்டானுங்க. ஒண்ணு ரெண்டாயிடுச்சு."

கன்னியப்பனுக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. சாமியே சொல்லிவிட்டார். "சாமி, இதையே ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துட்டீங்கன்னா..."

"நான் எழுதினா யாரு மதிப்பா? உத்தரவு மதிவாணன்தான் போடணும்," என்றார் சாமி. "பால ஊத்து. பாக்கறான்."

மதிவாணன் முழுவதும் கேட்டுக்கொண்டார். மறுக்கவில்லை. சாமி அப்படிச் சொல்லியிருக்கலாம், அவர் நல்ல மனிதர் என்றார்.

"ஆனா அது சுவாமிகளோட தனிப்பட்ட கருத்து. குருங்கறது ஆள் இல்ல கன்னியப்பன், ஸ்தானம். ஆள் சொல்றதையெல்லாம் ஸ்தானம் சொல்றதா எடுத்துக்கிட்டா அப்புறம் நாங்க எதுக்கு இருக்கோம்? உங்க விண்ணப்பம் உடல் உபகுழுவுக்குப் போவும். ரெண்டாவது ஞாயித்துக்கிழம கூடுவாங்க."

"நாளைக்கு ஆபரேஷன் சார். சாமி கால நானே பாத்தேன். அவருக்கும்..."

"நீங்க எதையும் பாக்கல," என்றார் மதிவாணன். "உங்க விவேகச் சான்று நேத்தே ரத்தாயிடுச்சு. ரத்தானதுக்கு அப்புறம் பாத்தது செல்லாது."

கன்னியப்பனிடம் இன்னும் ஒரு சாட்சி பாக்கி இருந்தது. அது தன் கண்தான். கண்ணால் கண்டதைச் சொன்னால் அவளுக்குப் புரியாதா என்று நினைத்தான். வீட்டுக்குப் போய் முதலில் சாமி வெட்டச் சொன்னதைச் சொன்னான். பேப்பர் கொடுத்தாரா என்று கேட்டாள். இல்லை என்றான். அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள். அப்போதுதான் கவசத்தைப் பற்றிச் சொன்னான். ரெண்டு விரல் இல்லை, ஆஸ்பத்திரியில் வெட்டியிருக்கிறார்கள், உனக்கு இருப்பதே அவருக்கும் இருக்கிறது, அவரும் நம்மைப் போல ஓர் ஆள்தான் என்றான்.

செல்வாம்பாள் கண்ணில் நீர் வந்தது. உடைந்துவிட்டாள் என்று கன்னியப்பன் நம்பினான்.

"சாமிக்கு எப்ப வெட்டினாங்களாம்?"

"ஒரு மாசம் இருக்கும். பச்சப் புண்ணாத்தான் கீது."

"எனக்குப் புண்ணு வந்ததும் அப்பத்தான்." அவள் இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டாள். "எனக்குப் போவ வேண்டியத அவரு வாங்கிக்கினாரு. ஒண்ணுக்கு ரெண்டாக் குடுத்திருக்காரு. இதுக்கப்புறமும் போய் நான் வெட்டிக்கினா அவருக்கு நான் பண்ற துரோகம் இல்லியா?"

அவளுக்கு அந்த ஆதாரத்தை மூலக்குளத்திலிருந்து இரண்டு கையாலும் சுமந்து வந்து கொடுத்தவன் தான்தான் என்பது கன்னியப்பனுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. பிறகு கெஞ்சினான். கத்தினான். உனக்குப் பைத்தியம் என்றான். அவள் முகம் கல்யாணத்தன்று இருந்ததைப் போல நிம்மதியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் அவளுக்கான கட்டில் வேறொருவருக்குப் போனது. அடுத்த புதன்கிழமை காய்ச்சலில் அவளுக்கு நினைவு தப்பியது. பக்கத்து வீட்டு வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினான். இப்போது ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போடும் உரிமை கணவனுக்கு வந்திருந்தது. போட்டான். டாக்டரம்மா திட்டவில்லை. திட்டினால் தேவலை என்றிருந்தது. கணுக்காலுக்கு நான்கு விரற்கடை மேலே எடுத்தார்கள்.

செல்வாம்பாள் வீடு திரும்பிய மூன்றாம் நாள் பீடத்தின் உத்தரவு பதிவுத் தபாலில் வந்தது. உடல் உபகுழு அவளுக்கான விண்ணப்பத்தைக் கனிவுடன் பரிசீலித்து, இடது கால் பெருவிரல் ஒன்றை மட்டும் அகற்ற ஆட்சேபனை இல்லை என்று தெரிவித்திருந்தது. அகற்றிய விவரத்தைப் புகைப்படத்துடன் தெரிவிக்க வேண்டும். கன்னியப்பன் தெரிவித்தான். அடுத்த வாரம் இரண்டாவது கடிதம் வந்தது. அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மீறிப் பீடத்துக்கு உரிமையான நான்கு விரல்கள், ஒரு பாதம், ஒரு கணுக்கால் ஆகியவை அகற்றப்பட்டிருப்பது தெரியவருகிறது. இதற்குப் பதினைந்து நாட்களுக்குள் எழுத்து மூலம் விளக்கம் அளிக்கவும்.

கன்னியப்பன் அதைக் கிழிக்கப் போனான். செல்வாம்பாள் தடுத்தாள். கட்டிலில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு ஒருமுறைகூட அவள் அந்தக் காலைப் பார்த்ததில்லை. கட்டு மாற்றும்போதெல்லாம் முகத்தைப் போர்வையால் மூடிக்கொள்வாள். தன்னுடையது அல்லாததை எதற்குப் பார்க்க வேண்டும் என்பாள்.

"வெளக்கம் கேட்டா குடுக்கணும் இல்ல? எழுதுங்க, சொல்றேன்."

பேனா எடுத்தான். அவள் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"ஒடம்பு உங்களுது. நான் சும்மா பாத்துக்கறேன், அவ்ளோதான். தெனமும் காலைல எட்டு மணிக்குக் கட்டு மாத்தணும். சீழ் வருது, தொடைக்கணும். கக்கூசுக்குத் தூக்கிக்கினு போவணும். எங்க வூட்டுக்காரரு கடைக்குப் போயிடறாரு. ஒங்க சொத்தப் பாத்துக்க ஒங்க ஆளு ஒருத்தர அனுப்புங்க. எழுதிட்டீங்களா?"

எழுதிவிட்டான். அது பக்தியா, வேறு ஏதாவதா என்று அவள் முகத்தைப் பார்த்து அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

எதற்கும் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கும் பீடம் இதற்கு மூன்றே நாளில் பதில் அனுப்பியது. ஆள் வரவில்லை. தடித்த உறை ஒன்று வந்தது. கன்னியப்பன் கட்டிலோரம் உட்கார்ந்து படித்துக் காட்டினான். 'தங்கள் உடல், பராமரிப்பில் உள்ள சிரமங்களை முன்னிட்டு, தற்போது இருக்கும் நிலையிலேயே தங்களிடம் திருப்பி ஒப்படைக்கப்படுகிறது. பொருளும் ஆவியும் வழக்கம்போல் பீடத்தின் வசமே தொடரும். உடலுக்கு இனி நேரும் எதற்கும் பீடம் பொறுப்பல்ல. குருவருள் பெருகுக.' கீழே மதிவாணனின் கையெழுத்து, தேதியுடன்.

இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தான்.

"அப்ப ஒடம்பு வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

"அந்தக் கட்ட அவுருங்க."

காலையில்தானே மாற்றினோம் என்றான். பரவாயில்லை, அவுருங்க என்றாள். கன்னியப்பன் கை கழுவிக்கொண்டு வந்து, துணியைச் சுற்றுச் சுற்றாக எடுத்தான். கடைசிச் சுற்று ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் தெளித்து மெல்லப் பிரித்தான். செல்வாம்பாள் போர்வையை இழுத்து மூடிக்கொள்ளவில்லை. முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கமாகத் தூக்கிவைத்து, தையல் போட்டிருந்த இடத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தாள். ஒரு விரலால் அதன் ஓரத்தைத் தொட்டாள்.

"இவ்ளோ தூரம் விட்டிருக்கேன் நான்," என்றாள்.